வலது கைகள்

ரவுண்டானா பக்கத்துப் பழைய பேப்பர் கடையில்
எடை போட்டுத்தான் கொடுத்தார்கள் அந்தப் புத்தகத்தை.
முந்நூற்றைம்பது கிராம், பன்னிரண்டு ரூபாய்.
நீர்வண்ணம் பழக. அட்டையில் ஒரு ஏரி,
ஏரிக்குப் பின்னால் பனி.
முதல் பக்கத்தில் நீல மையில்
எ. ஜெபசீலி, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.

ஜெபசீலி முப்பத்தோராம் பக்கம் வரை வந்திருக்கிறாள்.
ஆப்பிளுக்குப் பக்கத்தில் அவள் ஆப்பிள்,
கூஜாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்த கூஜா.
முப்பத்திரண்டில் கைகள் ஆரம்பிக்கின்றன.
அங்கிருந்து ஓரமெல்லாம் வெள்ளை.

எனக்கு ராத்திரி டியூட்டி, டோல்கேட்டில், ஏழாவது லேன்.
பகலில் தூக்கம் வராத மூன்று மணிநேரம்
புத்தகத்துக்கு.

முதல் பூச்சு காயப் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்கிறது.
சித்திரையில், கிருஷ்ணகிரியில்,
தூரிகையைக் கழுவித் திரும்புவதற்குள்
வானம் காய்ந்து ஓரம் கட்டிவிடுகிறது.

பாறைக்குச் சாம்பல் நிறம் என்கிறது.
மாடியில் நின்றால் எதிரே மலை.
காலையில் அது ஈயச்சொம்பு,
பதினொரு மணிக்குச் சுட்ட அப்பளம்,
மழை பெய்த அன்று எருமை.
எந்த வேளைக்குச் சாம்பல் என்று எழுதவில்லை.
அல்ட்ராமரைனில் பர்ன்ட் சியன்னாவை விட்டுவிட்டுப் பார்த்து
எருமையை மட்டும் ஒருமாதிரி பிடித்தேன்.

கைதான் வரவில்லை.
ஒன்று: ஒரு பெட்டி.
இரண்டு: பெட்டியிலிருந்து கோடுகள்.
மூன்று: கோடுகளுக்கு முட்டிகள்.
நான்கு: நரம்பும் நகமும் நிழலுமாக ஒரு கை,
மோதிரம்கூடப் போட்டுக்கொண்டு.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்
யாரோ பல வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள்.
அதை அச்சடிக்கவில்லை.

"உங்கள் இடது கையைப் பார்த்து வரையுங்கள்."
நான் இடது கையால் வரைகிறவள்.
மிச்சம் இருப்பது வலது.
புத்தகத்தின் கட்டைவிரல்களெல்லாம்
எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
ஷிஃப்டுக்கு ஆயிரம் கை வரும் என் ஜன்னலுக்கு,
அத்தனையும் வலது கை.
கிரீஸ் கை, மருதாணிக் கை, பீடி இடுக்கிய கை,
சில்லறையைச் சூடாகவே வைத்திருந்த கை.
அப்போது நான் நோட்டைப் பார்த்தேன்.

புத்தகம் கிடைத்த வருஷம்
கண்ணாடிகளில் ஸ்டிக்கர் வந்துவிட்டது.
மெஷின் படிக்கிறது, கட்டை எழுகிறது,
கைகள் உள்ளேயே போய்விடுகின்றன.
எனக்கு வருவது பேலன்ஸ் இல்லாத கைகள்தான்.
கோபமாக வரும், நிற்காது.

போன மாதம் ஒரு வியாழன், ராத்திரி இரண்டே முக்கால்.
ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றிய பிக்கப்.
ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை.
இருநூறு ரூபாய் நோட்டோடு ஒரு கை நீண்டது.
செடி தொட்டுத் தொட்டு விரலெல்லாம்
பச்சையும் கறுப்புமாய் ஏறிப்போயிருந்தது.
சுண்டுவிரல் பாதியில் முடிந்திருந்தது.
கட்டைவிரல் நோட்டை அழுத்திய இடத்தில்
பெட்டி எங்கே இருக்கிறது என்று
முதல்முறை தெரிந்தது.
தெரிந்ததும் கை திரும்பிவிட்டது.

"அண்ணா, நோட்டு கிழிஞ்சிருக்கு."
கிழியவில்லை.
"எங்கம்மா கிழிஞ்சிருக்கு?"
"ஓரத்துல."
பின்னால் பஸ் ஹாரன்.
முனகிக்கொண்டே வேறு நோட்டை எடுத்து நீட்டினார்.
மறுபடி அதே கை.
இந்த முறை மணிக்கட்டு வரை பார்த்துக்கொண்டேன்.

அவருக்கு ரசீது கொடுக்க மறந்துவிட்டேன்.
அதன் பின்பக்கத்தில்தான் வரைந்தேன்.

அந்தப் பச்சைக்கறுப்புக்கு
எந்தப் பக்கத்திலும் கணக்கு இல்லை.
மூன்று நாள் கலக்கினேன், சேறுதான் வந்தது.
நான்காம் நாள், கழுவாத பேலட்டில்
காய்ந்து கிடந்த எருமை மேல்
ஒரு சொட்டு லெமன் எல்லோ தவறி விழுந்தது.

ரசீதுத் தாள் தண்ணீருக்குச் சுருண்டது.
பரவாயில்லை என்று
முப்பத்திரண்டாம் பக்கத்தில், ஜெபசீலி விட்ட இடத்தில்,
பசை தடவி ஒட்டினேன்.
அச்சடித்த கைக்கு ஐந்து விரல், மோதிரம்.
பக்கத்தில் நாலரை.
உரித்துப் பார்த்தால் பின்னால் இருக்கும்,
வண்டி எண், தொகை, நேரம் 02.46.

நாற்பதாம் பக்கத்தில் பாதங்கள்.
அதற்கு எந்த ஜன்னலில் உட்கார வேண்டும் என்று
தெரியவில்லை.